கொம்பு வண்டும் கள் வாடையும்

விவசாய இலாகாவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எதை எழுதுவது? எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து, அதை எவ்வளவு தண்ணீரில் கலப்பது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் அச்சடித்தே இருக்கிறது. எங்கள் காலத்தில் தென்னைக்கு இருந்த மருந்து கொக்கிக் கம்பியும் மணலும் வேப்பம் புண்ணாக்கும்தான். அதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது வேறு. ஒரு வண்டு செய்த வேலைக்காக ஒரு மனிதர் ஜெயிலுக்குப் போக இருந்தார். அவரை மீட்க என்னுடைய ஒரு வார்த்தை போதும் என்றிருந்தது. அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை, பிறகு என்ன ஆயிற்று என்பதைச் சொல்கிறேன்.

முப்பதுகளின் பிற்பகுதி அது. நாமக்கல் பக்கத்தில் எனக்கு டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை, குடியானவர்களுக்குச் செய்துகாட்டுகிற வேலை. நான் ஆத்தூர்க்காரன். ஒரே ஜில்லாதான், ஆனால் நாமக்கல் பக்கம் பேச்சு வேறு. 'ஆமாங்க, இல்லீங்க, தெரியிலீங்க' என்று மூச்சுக்கு மூச்சு மரியாதை செய்யும் ஊர். அந்த மரியாதையில் மயங்கி, நாம் சொன்னதை ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 'செய்றனுங்க' என்று சொல்லிவிட்டு அவர்கள் நினைத்ததைத்தான் செய்வார்கள். அங்கே போய்ச் சில மாதங்களிலேயே எனக்குப் 'பூச்சிக்காரய்யா' என்று பெயர் விழுந்துவிட்டது. என் சொந்தப் பெயர் அங்கே யாருக்கும் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

எருமப்பட்டிக்குக் கிழக்கே ஒரு ஊரில் பாவாத்தாள் என்ற அம்மாளுக்குக் கிணற்றைச் சுற்றித் தென்னந்தோப்பு இருந்தது. கணவர் போன பிறகு பண்ணையத்தைத் தனியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் ஆள் விட்டுக் கூப்பிட்டனுப்பினார். நான் சைக்கிளை நிறுத்துவதற்குள் ஒரு தென்னை மட்டையை இழுத்து வந்து என் காலடியில் போட்டார். கீற்றுகள் இரண்டு பக்கமும் ஒரே அளவாக, முக்கோணம் முக்கோணமாக வெட்டுப்பட்டிருந்தன. கத்தரிக்கோல் பிடித்த கைதான் அப்படி வெட்டும் என்று யாருக்கும் தோன்றும்.

"பாத்தீங்களா சாமி? இது மனுசன் வேலைங்க. என்ற கொழுந்தனுக்கு இந்தத் தோப்பு மேல கண்ணு. ஆள உட்டு ஏறி வெட்டிப்போட்டான். மந்திரிச்சும் உட்டிருப்பான்."

"ஏறுனவன் காயப் பறிக்காம ஓலையில கோலம் போட்டுட்டா எறங்குவான்?" என்று கேட்டேன்.

"கேலி பண்ணாதீங்க. எனக்கு வகுறு எரியுது."

அவருக்கு நிஜமாகவே கோபம். எனக்கும் அப்போது வயது குறைவு, வாய் அதிகம். பேச்சை விட்டுவிட்டு, ஒரு இளங்கீற்றை எடுத்து விசிறி மடிப்பாக மடித்தேன். மடிப்பின் ஓரத்தில் கத்தியால் சாய்வாக ஒரே ஒரு வெட்டு. பிறகு விரித்துக் காட்டினேன். ஒரு வெட்டு பல முக்கோணங்களாக விரிந்தது. குருத்துக்குள் ஓலை மடிந்து கிடக்கும்போதே வண்டு அதைக் குறுக்கே துளைத்துவிடுகிறது. அந்த ஓலை வெளியே வந்து விரிவதற்குள் மாதங்கள் போய்விடுகின்றன. நீங்கள் இன்று பார்த்துத் திட்டுகிற வெட்டு எப்போதோ விழுந்தது, வெட்டியது இப்போது எங்கேயோ இருக்கிறது என்று சொன்னேன். அவர் கீற்றை என் கையிலிருந்து வாங்கி, தானே மடித்து மடித்து விரித்துப் பார்த்தார்.

"சரிங்க. வண்டுன்னே வெச்சுக்குவோம். அது எங்கிருந்துங்க வருது?"

நான் அவருடைய எருக்குழியைக் காட்டினேன். அந்த வட்டாரத்தில் எருக்குழி என்பது சாதாரண விஷயம் இல்லை. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட மாடு எத்தனை என்று பார்த்துவிட்டு எருக்குழியையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். பாவாத்தாளின் குழி ஊரிலேயே பெரியது. ஆடியில் வண்டி கட்டி வயலுக்கு அடிக்கும்வரை அதை யாரும் கிளறக் கூடாது, கிளறினால் வெயில் பட்டுச் சத்துப் போய்விடும் என்பது அவர் தீர்மானம். களைக்கொத்தை வாங்கி ஓரத்தில் இரண்டு கொத்துக் கொத்தினேன். கட்டைவிரல் பருமனில், வெள்ளையாக, சுருண்டு சுருண்டு புழுக்கள் உருண்டு விழுந்தன.

"அது எருப்புழுங்க. அது இருந்தாத்தான் நல்ல எரு," என்றார், நான் ஏதோ அவர் வீட்டுப் பண்டத்தைப் பழித்துவிட்டதைப் போல.

அந்தப் புழுதான் அந்த வண்டு என்று எத்தனை சொல்லியும் அவர் நம்பவில்லை. கொம்பு முளைத்த கறுப்பு வண்டுக்கும் இந்த வெள்ளைப் புழுவுக்கும் என்ன உறவு என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. நான் வாதாடாமல் சில புழுக்களை எருவோடு ஒரு பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, நிழலில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அடுத்தடுத்த மாதங்களில் நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், இன்னும் புழுவாகவேதான் இருக்கிறது என்று குத்தலாகச் சொல்வார். பிறகு ஒருமுறை போனபோது அவர் தானே பானையைக் கொண்டுவந்தார். புழு தன்னைச் சுற்றி எருவையே கூடாகப் பூசிக்கொண்டு, உள்ளே காலை மடக்கிப் படுத்திருந்தது. தலையில் கொம்பு தெரிய ஆரம்பித்திருந்தது.

"ஏனுங்க, அப்பறம் நானேதான் சோறு போட்டு வளத்தீட்டு இருந்தனா?" என்றார்.

அன்றைக்கே குழியின் மேல்பகுதியைக் கிளறிக் கோழிகளை விட்டார். சத்துப் போய்விடும் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தார். ஆனால் குழியைக் கிளறினால் இனி வரப்போகும் வண்டு குறையும், ஏற்கெனவே மரத்தில் ஏறிவிட்ட வண்டு இறங்கி வந்துவிடாது. அதை ஒவ்வொரு குருத்தாகத் தேடிக் கம்பியால் குத்தி எடுக்க வேண்டும். அதற்கு மரம் ஏறுகிற ஆள் வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்த புதிது அது. அதுவரை கள் இறக்குகிறவர்கள் காலையும் மாலையும் மரத்துக்கு மரம் ஏறிக்கொண்டிருந்தார்கள். குருத்தில் ஓட்டை தெரிந்தால் கையோடு வண்டைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். அது யார் சொல்லியும் செய்ததில்லை. கள் வடிகிற பாளை கெட்டால் அவர்கள் பிழைப்பும் கெடும். மதுவிலக்கு வந்ததும் மரம் ஏறுவது நின்றுவிட்டது. காய் பறிக்க மட்டும் எப்போதாவது ஒருவரைக் கூப்பிடுவார்கள். கள் இறக்கியவர் என்று பெயர் பெற்றவரைத் தோப்புக்குள் விடவே பயந்தார்கள். தோப்புக்காரர் பெயரும் வழக்கில் சேர்ந்துவிடும் என்று பேச்சு. மதுவிலக்கு நல்லதா கெட்டதா என்பதை நீங்கள் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். வண்டுக்கு அது நல்ல காலம்.

மாரப்பன் என்பவரை நான்தான் பாவாத்தாளிடம் அழைத்துப் போனேன். ஒல்லியான ஆள், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். சிறு வயதிலிருந்து அந்தத் தோப்பிலும் சுற்றுவட்டாரத்திலும் கள் இறக்கியவர். மதுவிலக்கு வந்த பிறகும் பழக்கத்தை விட முடியாமல் ஒருமுறை பிடிபட்டு ஜெயிலுக்குப் போய் வந்திருந்தார். அதை என்னிடம் அவரே சொன்னார். அதன்பிறகு வேறு இரண்டு ஊர்களில் எனக்காகக் குருத்து பார்த்திருக்கிறார். நாள் முழுக்க என்னோடு நடப்பார். என் சாப்பாட்டு டப்பாவில் பாதி அவருக்கு, அவர் கொண்டுவரும் கம்பங்கூழில் பாதி எனக்கு. அவர் மனைவி செல்லாயிக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது.

"மாரனுக்கு நான் பொறுப்பு," என்று பாவாத்தாளிடம் சொன்னேன்.

"நீங்க பொறுப்புன்னா எனக்கென்னுங்க. ஏறட்டும்," என்றார் அவர்.

வேலை ஆரம்பமாயிற்று. முதல்நாள் நான் கீழே நின்று பார்த்தேன். மாரப்பன் கொக்கிக் கம்பியை ஓட்டைக்குள் விட்டுச் சுழற்றி இழுப்பார். வண்டு கம்பியில் மாட்டிக்கொண்டு காலை உதறிக்கொண்டே வரும். சாமானியத்தில் வராது. முள்முள்ளான கால்களால் நாரைப் பிடித்துக்கொண்டு, கொம்பை முட்டுக் கொடுத்து நிற்கும். எடுத்ததும் அவர் அதைச் சுண்டினார். அது நேராகப் போய் எருக்குழியில் விழுந்தது.

"ஏன் மாரா அங்க போட்ட?"

"எருவாவட்டும்னுதானுங்க."

அந்த ஊரில் எல்லாமே குழிக்குத்தான் போகும். சாம்பல், சாணம், செத்த கோழி, அழுகிய வாழை எல்லாம். வண்டும் போகும். ஆனால் கம்பியில் குத்துப்பட்டாலும் அந்த வண்டு அவ்வளவு சுலபத்தில் சாகாது. பெட்டையாக இருந்தால் அதைக் கொண்டுபோய் அது முட்டை வைக்கும் இடத்திலேயே இறக்கிவிட்டதாக அர்த்தம். நான் குழிக்குள் இறங்கி அதைத் தேடி எடுத்து, பின்பக்கத்தில் செம்பட்டை மயிர் இருப்பதைக் காட்டிப் பெட்டை என்று சொன்னேன். மாரப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார். இனிமேல் இடுப்பில் ஏதாவது கட்டிக்கொள், அதில் போட்டுக் கீழே கொண்டுவந்து நசுக்கு என்றேன். மறுநாள் அவர் தன் பழைய கள்ளு முட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். வண்டு போடப் புதுப் பானையா வாங்குவார்? எனக்கும் அதில் ஒன்றும் தவறாகத் தோன்றவில்லை.

சில நாட்கள் நான் வேறு ஊர்களுக்குப் போக வேண்டியிருந்தது. மாரப்பன் தனியாகவே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பிய காலையில் தோப்புக்கு வெளியே இரண்டு போலீஸ் சைக்கிள்கள் நின்றன.

உள்ளே ஒரு சப் இன்ஸ்பெக்டர், ஒரு இளம் போலீஸ்காரர். மாரப்பன் தரையில் குந்தியிருந்தார், கை பின்னால் கட்டியிருந்தது. எதிரில் அவருடைய அரிவாளும் முட்டியும் கயிறும். கொஞ்சம் தள்ளி செல்லாயி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். யாரோ ஓடிப்போய் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். பாவாத்தாள் சப் இன்ஸ்பெக்டருக்கு நேர் எதிரே நின்றார்.

"என்ற தோப்புங்க. என்ற மரம். நாந்தான் ஏறச் சொன்னன். அந்தாளு வண்டு எடுக்கறானுங்க, கள்ளு எறக்குல," என்று அவர் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சப் இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதர் இல்லை. என்னை உட்காரச் சொல்லி, நடந்ததைச் சொன்னார். மரத்திலிருந்து இறங்கும்போது பிடித்தார்களாம். இடுப்பில் முட்டி. முட்டியில் கள் வாடை. கையில் ஈரமான வெள்ளைச் சக்கை, அதிலும் புளித்த வாடை. அரிவாளும் இருக்கிறது. ஆளும் பழைய ஆள்.

"முட்டிக்குள்ள வண்டு கிடக்குதே, பாக்கலீங்களா?" என்றேன்.

"கள்ளுல வண்டு விழும் சார். நான் எத்தனை முட்டி பாத்திருக்கேன்."

அதுவும் உண்மைதான். முட்டியை எடுத்து முகர்ந்தேன். வருஷக்கணக்காகக் கள் ஊறிய மண், வெயில் ஏற ஏற வாடை அடித்தது. இல்லை என்று சொல்ல எனக்கு மூக்கு இடம் கொடுக்கவில்லை. மாரப்பன் கையிலிருந்த சக்கையையும் முகர்ந்தேன். அது வேறு. அதைப் பற்றி எனக்குத் தெரியும். கொம்பு வண்டு மரத்தைத் தின்பதில்லை. இளங்குருத்தைக் கடித்துச் சாற்றை மட்டும் உறிஞ்சிக்கொண்டு, நாரைப் பின்னால் தள்ளிவிடும். அந்த ஈரச் சக்கை ஓட்டைக்குள்ளேயே கிடந்து புளிக்கும். அந்தப் புளிப்பு வாடையைப் பிடித்துக்கொண்டுதான் சிவப்புக் கூன்வண்டு வந்து சேரும். மரத்தைச் சாகடிப்பது பெரும்பாலும் இரண்டாவதாக வருகிற அதுதான். இதையெல்லாம் சப் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

பிறகு என்னைத் தனியாகக் கிணற்றுப் பக்கம் அழைத்துப் போனார்.

"சார், நீங்களும் சர்க்கார், நானும் சர்க்கார். இந்தத் தோப்புல இவன் பண்ணது பூரா உங்க பூச்சி வேலைதான், வேற ஒண்ணுமில்லைன்னு உங்க வாயால சொல்லுங்க. நான் இப்பவே அவுத்து விட்டுடறேன். எனக்கென்ன அவன் மேல விரோதமா?"

இதுதான் அந்த ஒரு வார்த்தை. செல்லாயி தூரத்திலிருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை போனால் தண்டனை முன்பைவிடக் கடுமையாக இருக்கும் என்பது அவளுக்கும் தெரியும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

மாரப்பனை எனக்குத் தெரியும். கள் இறக்கியிருக்க மாட்டார் என்று என் மனம் சொன்னது. ஆனால் சில நாட்களாக நான் அங்கே இல்லை. தோப்பில் மரங்கள் பல. ஒன்றில் கள்ளுக்காகப் பாளையைக் கட்டியிருந்தால்? இவருக்குத் தெரியாமல் வேறொருவன் ஏறிக் கட்டியிருந்தால்கூட? நான் 'ஆமாம்' என்று சொல்லி, நாளைக்கு ஒரு கட்டின பாளை அகப்பட்டால், இந்த ஜில்லாவில் புளித்த வாடைக்கு வண்டு காரணம் என்று இனி யார் சொன்னாலும் எடுபடாது. மரம் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் விலங்குதான். என் வேலையும் போகும், அதையும் நினைத்தேன். மறைப்பானேன்?

"அவன் கையில இருக்கிறது வண்டோட சக்கை. அதுக்கு நான் பொறுப்பு. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன். மத்த மரத்த நான் பாக்கல. பாக்காததச் சொல்ல மாட்டேன்," என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "அப்ப ஸ்டேஷனுக்குத்தான் கூட்டிட்டுப் போகணும்," என்றார்.

நாங்கள் பேசியது மற்றவர்களுக்கும் கேட்டுவிட்டது. செல்லாயி அழவில்லை. "அவருக்கு நீங்க பொறுப்புன்னு சொன்னீங்களே சாமி," என்று மட்டும் சொன்னாள். பாவாத்தாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். கொழுந்தனைப் பற்றிப் பேசும்போது இருந்த அதே பார்வை. மாரப்பன் தலை நிமிரவே இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை. சப் இன்ஸ்பெக்டரிடம், "இப்பவே எல்லா மரத்தையும் பாத்துடலாம். உங்க கண் முன்னாலயே. ஒரு பாளை கட்டியிருந்தாலும் நானே ஸ்டேஷனுக்குக் கூட வர்றேன். கிணத்தோரம் சாஞ்சு நிக்குதே, அந்த மரத்துல மாரன் இன்னும் ஏறல. அடிமரத்துல கயிறு உரசின தடமே இல்ல, பாருங்க. அதுலயும் இந்த வாடை இருந்தா வண்டுன்னு ஒத்துக்குவீங்களா?" என்று கேட்டேன்.

"யார் ஏறுறது? இவனை ஏற விட்டா இருக்கிறத அவுத்து எறிஞ்சுடுவான்."

ஊரில் வேறு யாரும் ஏறத் தயாராக இல்லை. போலீஸ் நிற்கிற இடத்தில் எவன் மரம் ஏறுவான்? நான் ஏறியிருந்தால் என்னை இறக்க வேறு ஆள் தேட வேண்டியிருந்திருக்கும். அப்போதுதான் அந்த இளம் போலீஸ்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"நான் ஏறுதேன் ஐயா. எங்க ஊர்ல பனையே ஏறியிருக்கேன்."

தெற்குச் சீமைக்காரர். தொப்பியையும் சட்டையையும் கழற்றி சைக்கிளில் வைத்துவிட்டு, மாரப்பனின் கயிற்றைக் காலில் மாட்டிக்கொண்டு ஏறினார். கிணற்றோர மரத்தின் உச்சியில் குருத்தைத் துழாவினார். பிறகு, "ஐயோ!" என்று ஒரு கூச்சல். ஓட்டைக்குள் விரலை விட்டிருக்கிறார், வண்டு பிடித்துக்கொண்டது. அவர் கையை உதறியதில் ஒரு பிடி ஈரச் சக்கை சப் இன்ஸ்பெக்டரின் காலடியில் வந்து விழுந்தது. அவர் குனிந்து எடுத்து முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார். மாரப்பன் கையிலிருந்ததை எடுத்து மறுபடி முகர்ந்தார்.

"அதே வாடைதான்," என்றார். "சரி. மத்த மரத்தையும் பாரு."

அந்தக் காலைப் பொழுது போகவே இல்லை. ஒவ்வொரு மரத்தின் உச்சியிலிருந்தும் போலீஸ்காரர், "பாளை கட்டலை ஐயா" என்று குரல் கொடுப்பார். நாங்கள் அடுத்த மரத்தடிக்கு நடப்போம். மாரப்பனையும் கூடவே நடத்தினார்கள். தெற்கு வரிசையில் ஒரு மரத்தில் அவர் குரல் வேறு மாதிரி வந்தது.

"ஐயா! இங்க கட்டு கெடக்கு!"

செல்லாயி உட்கார்ந்துவிட்டாள். மாரப்பன் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"அது பழசுங்க. சட்டம் வாரதுக்கு முன்னாடி நான் கட்டுனதுங்க."

போலீஸ்காரர் அதை அவிழ்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு இறங்கினார். மட்டையடியில் இருக்கும் பன்னாடைக்குள் சிக்கிக் கிடந்த நார்க்கட்டு. வெயிலிலும் மழையிலும் கிடந்து சாம்பல் நிறமாகியிருந்தது. சப் இன்ஸ்பெக்டர் அதை உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். அப்பளமாக நொறுங்கியது. கையைத் தட்டிக்கொண்டார்.

"அந்த மரத்துல புதுப் பாளை?"

"எல்லாம் தானா வெடிச்சு, பிஞ்சு விட்டிருக்கு ஐயா. கத்தி படலை."

மீதி மரங்களையும் பார்த்து முடித்தார்கள். ஒன்றும் இல்லை. சப் இன்ஸ்பெக்டர் தானே மாரப்பனின் கட்டை அவிழ்த்தார். முட்டியை மட்டும் காலால் உதைத்து உடைத்தார். "வேற சட்டியில போட்டுத் தொலை உன் வண்டை," என்றார். போகும்போது என்னிடம், "நீங்க முதல்லயே எல்லாத்துக்கும் ஆமாம்னு சொல்லியிருந்தா நான் அவனை விட்டிருப்பேன் சார். ஆனா வண்டுக் கதையை நம்பியிருக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதர் அங்கே இருந்தவரை மரம் ஏறுகிறவர்களைப் பிடித்தால், குருத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார். வேறு ஊர்களிலும் ஆட்கள் பயமில்லாமல் ஏற ஆரம்பித்தார்கள். எங்கள் வேலைக்கு அது பெரிய உதவி.

ஆகவே நான் செய்தது சரி. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். நாளைக்கு உங்களை ஒருவர் தனியாக அழைத்துப் போய், பார்க்காத ஒன்றுக்கு ஆமாம் சொல்லச் சொன்னால், அது எவ்வளவு நல்ல காரியத்துக்காக இருந்தாலும் சொல்லாதீர்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

எல்லோரும் போன பிறகு மாரப்பன் கிணற்றுத் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "தப்பா எடுத்துக்காத மாரா. நான் மத்த மரத்தப் பாக்கல, அதனாலதான்..." என்று ஆரம்பித்தேன்.

"சரிதானுங்க சாமி. மரத்தப் பாத்துப்போட்டுத்தான் சொல்லோணும்," என்றார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "என்னையும்தானுங்க இத்தன நாளாப் பாத்தீங்க?"

அன்று போலீஸ் முன்னால் பாவாத்தாள், எந்த மரத்தையும் பார்க்காமலே, தன் தோப்பும் பெயரும் போகக்கூடும் என்று தெரிந்தே, 'நாந்தான் ஏறச் சொன்னன்' என்றார். நான் பார்த்த பிறகு சொல்கிறேன் என்றேன். இரண்டும் வேண்டியிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் கை கட்டப்பட்டுக் குந்தியிருந்தவருக்கு அன்று யாருடைய குரல் தெம்பாக இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவரிடம் முதலில் போய், 'மாரா, நீ செய்யலைன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் எல்லா மரத்தையும் பாக்கச் சொல்லப் போறேன், கலங்காத' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல எந்த மரத்தையும் பார்த்திருக்க வேண்டியதில்லை. அவசரத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

மாரப்பன் வேலையை விடவில்லை. பாவாத்தாளின் தோப்பில் பெரும்பாலான மரங்கள் பிழைத்துக்கொண்டன. மற்ற ஊர்களுக்கும் என்னோடு வந்தார். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் கூழை எடுத்துக்கொண்டு தனியாக வேறு மரத்தடிக்குப் போய்விடுவார். வேலையிலும் ஒரு புது வழக்கம் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு மரத்திலும் குருத்தைத் துழாவியதும் ஒரு பிடி ஈரச் சக்கையை எடுத்து என் காலடியில் போடுவார். மேலேயே நின்றுகொண்டு, "எடுத்து மோந்து பாருங்க சாமி," என்று குரல் கொடுப்பார். கேலி இல்லை, கோபமும் இல்லை. வேலையில் ஒரு பகுதி என்பதுபோலச் சொல்வார். நான் குனிந்து எடுத்து முகர்ந்து, "வண்டுதான் மாரா," என்று சொல்லும்வரை இறங்க மாட்டார். எனக்கு மாற்றல் உத்தரவு வந்த நாள் வரைக்கும், ஒரு மரம் விடாமல், நான் குனிந்து எடுத்து முகர்ந்தேன்.